செம்பூர் மொட்டை மாடியிலிருந்து 3சி 273

செம்பூரிலிருந்து வானத்தைப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால் மும்பைக்காரர்களே சிரிக்கிறார்கள். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களோ மாடிக்கு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இங்க எங்கப்பா வானம்?" என்று நேரடியாகவே கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்விதான். தெற்கே மாஹுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கி நெருப்பு. வடக்கே காட்கோபர் பக்கம் நாளுக்கொரு மாடியாக ஏறிக்கொண்டிருக்கும் கோபுரக் குடியிருப்புகள். நடுவில் சாலைக்குச் சாலை வெள்ளை எல்.இ.டி. இரவு வானத்தின் இருட்டுக்கு மதிப்பெண் போட ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்கர் 2001இல் ஓர் அளவுகோல் வகுத்தார். 1 என்றால் கும்மிருட்டு. 9 என்றால் பெருநகர நடுமையம். அதற்கு மேல் எண் இல்லை. நாங்கள் 9இல் குடியிருக்கிறோம்.

இந்த வானத்திலிருந்து ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் கைகளை என்னால் படம் எடுக்க முடியவில்லை. அது நமக்குப் பக்கத்து வீடு. 25 லட்சம் ஒளியாண்டுதான். ஆனால் ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளியை இதே மாடியிலிருந்து, இதே ஆறு அங்குலக் கண்ணாடியில், அரை நிமிட எக்ஸ்போஷரில் பிடித்துவிட முடிகிறது. இதில் வித்தை எதுவும் இல்லை, கணக்குதான். ஆனாலும் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு இது பிடிபட்டது ஒரு வெடிப்பால். 2023 மே 19 அன்று ஜப்பானின் யமகாதாவில் கோயிச்சி இடகாகி என்ற அமெச்சூர் வானியலாளர், எம்101 என்ற கேலக்ஸியில் ஒரு நட்சத்திரம் வெடித்திருப்பதைக் கண்டுபிடித்தார். தூரம் சுமார் 2 கோடியே 10 லட்சம் ஒளியாண்டு. சூப்பர்நோவாக்களில் இது ரொம்பக் கிட்டத்தில் நடந்தது என்பதால் உலகம் முழுக்கத் தொலைநோக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் அந்த வாரம் வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வால் பக்கம் திரும்பினார்கள். நானும் திருப்பினேன். மும்பைக்கு அது கொளுத்துகிற மே மாதம், மழைக்கு முந்தைய ஈரக்காற்று வேறு. படங்களை அடுக்கிப் பார்த்தபோது வெடித்த நட்சத்திரம் ஊசி குத்தியதுபோலத் தெளிவாக இருந்தது. கேலக்ஸியைக் காணோம்! நடுவில் ஒரு மங்கலான கறை, அவ்வளவுதான். புத்தகங்களில் எம்101 என்றால் பரந்து சுழலும் கைகளோடு பக்கம் முழுக்க நிறைந்திருக்கும். என் படத்திலோ ஒற்றை நட்சத்திரம் சொந்த ஊரே இல்லாமல் தனியாகத் தொங்கியது.

ஏன் இப்படி? கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வானத்தில் கோணத்தை அளக்க விகலை என்று ஒரு அலகு இருக்கிறது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தி செம்பூரிலிருந்து பார்க்க முடிந்தால், அந்த நாணயத்தின் அகலம் கிட்டத்தட்ட ஒரு விகலை. இந்த அளவில் ஒரு சதுரம் போட்டு, அதற்குள்ளிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்று கேட்பதுதான் வானத்தின் பிரகாசத்தை அளக்கும் முறை. வானியலில் பிரகாச எண் தலைகீழாக ஓடும். எண் கூடினால் ஒளி மங்கும், 5 எண் கூடினால் நூறு மடங்கு மங்கும். நல்ல இருட்டு ஊரில் ஒரு சதுர விகலை வானம் சுமார் 22. செம்பூரில் என் படங்களிலிருந்து கணக்கிட்டால் 17.5 சுற்றுவட்டாரம் வருகிறது. அதாவது நம் வானம் இருட்டு வானத்தைவிட அறுபது மடங்குக்கு மேல் வெளிச்சம். எம்101 போன்ற கேலக்ஸியின் கைகளோ சதுர விகலைக்கு 23 அளவில்தான் ஒளிவிடும். மேலே பூசியிருக்கும் நகர வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்குகூட அவை தேறாது.

"அந்த வெளிச்சத்தைக் கணினியில் கழித்துவிடலாமே?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. சராசரியைக் கழிக்கலாம், நடுக்கத்தைக் கழிக்க முடியாது. ஒளி துகள் துகளாக வருகிறது. ஒரு பிக்சலில் வானத்திலிருந்து 10,000 துகள் விழுந்தால், பக்கத்துப் பிக்சலில் 9,900 விழும், அடுத்ததில் 10,100 விழும். இந்த நூறு ஏற்ற இறக்கத்துக்குள் கேலக்ஸிக் கையின் அறுபது துகள் எங்கே நிற்கும்? நூறு படம் எடுத்து அடுக்கினால் சமிக்ஞை நூறு மடங்கு கூடும், நடுக்கம் பத்து மடங்குதான் கூடும். அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கில் எல்லாரும் மணிக்கணக்காக ஒரே இடத்தைச் சுட்டுக்கொண்டே இருக்கிறோம். நூற்றுக்கணக்கில் அடுக்கினால் செம்பூரிலிருந்தும் கைகள் லேசாக எட்டிப்பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் மாஹுல் பக்கத்து மஞ்சள் ஒரு மூலையிலும் காட்கோபர் வெள்ளை இன்னொரு மூலையிலும் ஏறி உட்கார்ந்து, படத்தைச் சுத்தம் செய்வதே தனி வேலை ஆகிவிடுகிறது.

புள்ளியின் கதை வேறு. நட்சத்திரம் எவ்வளவு ஒளி அனுப்பினாலும் அது மூன்று நான்கு விகலை அகலமுள்ள சின்னப் பொட்டுக்குள் வந்து குவிந்துவிடும். 13ஆம் பிரகாச எண் உள்ள ஒரு புள்ளி, அந்தப் பொட்டுக்குள் கிடக்கும் செம்பூர் வெளிச்சத்தைவிட நான்கைந்து மடங்கு அதிகம். பரந்து கிடப்பதெல்லாம் நகரத்தில் மூழ்கும், குவிந்திருப்பது தலைதூக்கும். தூரம் இதில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு அடுத்து வந்த யோசனை இதுதான்: நட்சத்திரம் மாதிரி புள்ளியாகத் தெரியக்கூடிய, ஆனால் உண்மையில் ஒரு கேலக்ஸியாக இருக்கக்கூடிய ஒன்று இருந்தால்?

இருக்கிறது. அதன் பெயர் 3சி 273. கேம்பிரிட்ஜ் ரேடியோ வானியலாளர்கள் 1959இல் வெளியிட்ட மூன்றாவது பட்டியலில் 273ஆவது பதிவு. குவாசர் என்கிற இனத்தில் நமக்குத் தெரிவதிலேயே மிகப் பிரகாசமானது. பிரகாச எண் 12.9. ஒரு பெரிய நீள்வட்டக் கேலக்ஸியின் மையத்தில் கருந்துளை ஒன்று வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கிறது. விழுகிற வாயு சூடாகி விடுகிற வெளிச்சம், தன்னைச் சுற்றியிருக்கும் கேலக்ஸி முழுவதையும் மறைத்துவிடும் அளவுக்கு இருக்கிறது. நம் பால்வீதியைப் போல நூறு மடங்கு ஒளி. 2018இல் சிலியில் நான்கு எட்டு மீட்டர் தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்து அந்த வாயுவின் சுழற்சியையே அளந்தார்கள். கருந்துளையின் நிறை சுமார் 30 கோடி சூரியன் என்று வந்தது.

அதன் தூரத்துக்கு இணையத்தில் 200 கோடி, 240 கோடி என்று வேறு வேறு எண்கள் கிடைக்கும். இரண்டும் சரிதான். ஒளி கிளம்பி ஓடிய காலத்தைக் கேட்டால் சுமார் 200 கோடி ஆண்டு. ஒளி வந்துகொண்டிருக்கும்போதே வெளி விரிந்துகொண்டும் இருந்ததால், பிரகாசம் குறைந்த அளவை வைத்துத் தூரம் கணக்கிட்டால் எண் பெரிதாகும். நான் காலத்தையே எடுத்துக்கொள்கிறேன், மனசுக்கு அதுதான் பிடிபடுகிறது. அந்த ஒளி கிளம்பியபோது பூமியில் நுண்ணுயிர்கள் மட்டும்தான். செம்பூருக்கும் டிராம்பே குன்றுகளுக்கும் அடியில் கிடக்கிற கருங்கல் எரிமலைக் குழம்பாக வழிந்து உறைந்தது 6.6 கோடி ஆண்டுக்கு முன்னால். அந்தப் பாறையையே புதுசு என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, வானத்தில் எங்கே? இதைச் சொல்வதற்கு நம்மிடம் பஞ்சாங்கம் இருக்கிறது. உத்திரம் என்பது சிங்கத்தின் வாலில் இருக்கும் நட்சத்திரம். சித்திரை கன்னியின் கையில் இருக்கும் வெள்ளை நட்சத்திரம், செம்பூரிலிருந்தே பளிச்சென்று தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, அதன் பாதியில் நில்லுங்கள். இரண்டு பாகை மேற்கே நகர்ந்தால் 3சி 273. நேர் தெற்கே கீழே பார்த்தால் அஸ்தத்தின் நாற்கரம்.

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி மாமிக்கு மார்ச் ஏப்ரலில் மொட்டை மாடியில் வடாம் காயப்போடும் வேலை. சாயங்காலம் வடாம் ஷீட்டை மடிக்க வருவதும் நான் முக்காலியை விரிப்பதும் ஒரே நேரம். ஒரு நாள் கேட்டார்.

"என்னடா தேடறே தினமும்? என்ன நட்சத்திரம் அது?"

"நட்சத்திரம் இல்லை மாமி, கேலக்ஸி. உத்திரத்துக்கும் சித்திரைக்கும் நடுவுல இருக்கு."

"அப்போ அஸ்தம்னு சொல்லேன்!"

நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ராத்திரி கீழே வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3சி 273இன் தீர்க்கரேகையை எடுத்து அயனாம்சம் கழித்தால் சுமார் 162 பாகை வருகிறது. அஸ்தம் 160இல் தொடங்குகிறது. ஆக கன்னி ராசி, அஸ்த நட்சத்திரம், முதல் பாதம். மறுநாள் மாமியிடம் சொன்னேன். "நான்தான் நேத்தே சொன்னேனே" என்றார், வடாமைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

ராசி விஷயத்தில் இன்னொரு நடைமுறைச் சங்கதியும் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று முழுநிலா உத்திரத்தின் பக்கத்தில் நிற்கும் என்பதுதானே கணக்கு? சித்திரா பௌர்ணமியில் சித்திரை பக்கம். அதாவது வருஷத்தில் 3சி 273 ராத்திரி முழுக்கத் தெரிகிற இரண்டு அருமையான மாதங்களிலும், பௌர்ணமி நிலா சரியாக என் ஆளின் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த நாட்களில் கேமராவைத் தொடுவதில் அர்த்தமில்லை. சேடா நகர் திருச்செம்பூர் முருகன் கோயில் படியேறிவிட்டு வந்து சீக்கிரம் தூங்கலாம். நிலா ஒரு நாளைக்கு 13 பாகை நகர்கிறது. தேய்பிறை பாதி தாண்டட்டும் என்று காத்திருந்தால் வானம் மறுபடி கிடைக்கும். மும்பைக்கு நல்வாய்ப்பு, கன்னி நமக்குத் தலைக்கு மேலேயே வருகிறது. 19 பாகை அட்சரேகையில் 3சி 273 உச்சிக்கு வரும்போது அடிவானத்திலிருந்து 73 பாகை உயரம். நகர வெளிச்சம் அடிவானத்தில்தான் தடித்துக் கிடக்கும், உச்சியில் கொஞ்சம் மெலியும். ஜூனில் மழை வந்தால் கதை முடிந்தது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை புகைமூட்டம். மார்ச்சும் ஏப்ரலும்தான் நமக்கு.

கருவி பற்றிக் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். 150 மில்லிமீட்டர் குழிக்கண்ணாடி உள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கி, குவியத் தூரம் 750 மில்லிமீட்டர். பூமி சுற்றுவதற்கு ஈடுகொடுத்து எதிர்ப்பக்கம் சுற்றும் மோட்டார் வைத்த மவுன்ட். கேமரா பழைய டி.எஸ்.எல்.ஆர். தொலைநோக்கியும் கேமராவும் செகண்ட் ஹேண்ட். மவுன்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். ஆனால் மும்பையில் துருவம் 19 பாகை உயரத்தில்தான் இருக்கிறது, எங்களுக்கு அது ஒரு இருபது மாடிக் கட்டடத்தின் வயிற்றில் இருக்கிறது. அதனால் வேறு நட்சத்திரங்களைப் படமெடுத்து, மென்பொருளை வைத்து அச்சைச் சரிசெய்கிற முறையில்தான் வண்டி ஓடுகிறது.

மொட்டை மாடிச் சாவி இன்னொரு அத்தியாயம். சொசைட்டி கூட்டத்தில் "ராத்திரி மாடியில் என்ன வேலை?" என்று கேள்வி எழுந்தது. செக்ரட்டரிக்குச் சனியின் வளையத்தைக் காட்டினேன். அதன்பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. சனி என்ற உடனே இரண்டு பேர் பார்க்க மாட்டேன் என்றதும் உண்டு.

கேமராவைத் தொலைநோக்கியில் மாட்டினால் ஃபோகஸ் எட்டவில்லை. நியூட்டன் வகையில் இது பரவலாக இருக்கும் தொல்லை: குவியும் புள்ளி குழாய்க்கு மிக அருகில் விழுந்துவிடும், கேமராவின் சென்சார் அதற்கு எட்டாமல் பின்னாலேயே நிற்கும். கடையில் கிடைக்கிற வளையத்தைவிட மெல்லிய வளையம் வேண்டும். தாராவியில் தொண்ணூறு அடி ரோடுக்கு உள்ளே ஒரு சந்தில் லேத் வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் போனேன். படம் வரைந்து காட்டினேன்.

"நாப்பத்தெட்டு மில்லி வெளிவட்டம், பிட்ச் பாயின்ட் ஏழு அஞ்சு. என்னத்துக்கு தம்பி இது?"

"கேமராவ டெலஸ்கோப்புல மாட்ட, அண்ணாச்சி."

"அப்ப அலுமினியத்துல போடணும். இரும்புல போட்டா வெயிட்டுக்குத் தொங்கிரும்லா? தொங்குனா படம் ஒரு பக்கம் கலங்கிரும்."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. அந்த ஒரு பக்கம் கலங்குகிற சங்கதியை இணையத்தில் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சீசன் ஆகியிருந்தது. அவர் தொலைநோக்கியையே பார்த்ததில்லை. வளையத்தின் உள்பக்கம் பளபளக்கக்கூடாது என்றேன். அடுத்த சந்தில் தோல் பை செய்கிறவர்களிடம் போய்க் கறுப்புச் சாயம் வாங்கி வந்து அவரே பூசிக் கொடுத்தார். அதே பட்டறையில் தொலைநோக்கிக்கு ஒரு பையும் தைத்துக்கொண்டேன். ஆன்லைனில் விற்பதைவிட நல்ல பை.

எடுக்கும் முறையும் எளிதுதான். 30 விநாடிக்கு மேல் திறந்து வைத்தால் செம்பூர் வானம் படத்தை வெளுத்துவிடும். அதனால் 30 விநாடிப் படங்களாக வரிசையாக எடுத்துத் தள்ள வேண்டும். பிறகு தொலைநோக்கியின் வாயை மூடி அதே அளவு இருட்டுப் படங்கள். பிறகு ஃபிளாட் என்கிற சமவெளிச்சப் படங்கள், சென்சார் தூசியும் ஓரத்து மங்கலும் கழிவதற்கு. இதற்கு வெளிநாட்டில் ஒளிரும் பலகை விற்கிறார்கள். நான் நாலு முழ வெள்ளை வேட்டியை மடித்துக் குழாய் வாயில் கட்டி, விடியற்கால வானத்தைக் காட்டிவிடுகிறேன். கரை போட்ட வேட்டி ஆகாது, கரை படத்தில் விழும். எல்லாவற்றையும் சிரில் என்ற இலவச மென்பொருளில் அடுக்கினால் வேலை முடிந்தது.

என்ன கிடைக்கும்? ஒரு புள்ளி. லேசாக நீலம் ஓடிய ஒரு புள்ளி. சுற்றிலும் அதே மாதிரி இன்னும் பல புள்ளிகள், அவை எல்லாம் நம் பால்வீதியின் நட்சத்திரங்கள். வரைபடத்தை வைத்து ஒப்பிட்டால்தான் எது என்று தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்புக்குறி போட்டு அனுப்பினேன். ஒரு கைகூப்பும் பொம்மை வந்தது, கூடவே "ஃபோட்டோ லோட் ஆகலை போல இருக்கு" என்று ஒரு பதில். அழகான படம் வேண்டுமென்றால் இதே கன்னியில் எம்104 இருக்கிறது, சோம்ப்ரெரோ கேலக்ஸி. மையம் திரண்டு ஒளிர்வதால் நகரத்திலும் தாக்குப்பிடிக்கும், குறுக்கே ஓடும் தூசிக் கோடுகூட வரும். தூரம் 3 கோடி ஒளியாண்டு. 3சி 273இலிருந்து பத்துப் பாகை வடக்கே எம்87, 2019இல் கருந்துளையின் முதல் படம் வந்ததே, அந்தக் கேலக்ஸி. அதுவும் உருண்டையாகத் தெரியும். இரண்டையும் எடுத்திருக்கிறேன். ஆனால் எனக்கு அந்தப் புள்ளிதான் ஒசத்தி.

அந்தப் புள்ளியை நட்சத்திரம் என்றே எண்ணி ஹார்வர்டு ஆய்வகத்தின் கண்ணாடித் தகடுகளில் 1880களிலிருந்தே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கேம்பிரிட்ஜ் பட்டியல் வந்த பிறகும், ரேடியோ அலை எந்தப் புள்ளியிலிருந்து வருகிறது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கால ரேடியோ தொலைநோக்கிகளின் பார்வை அவ்வளவு மங்கல். நிலாதான் கைகொடுத்தது. நிலா வானத்தில் விநாடிக்கு அரை விகலை நகர்கிறது, அதன் விளிம்பு எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். ரேடியோ மூலம் நிலாவுக்குப் பின்னால் மறையும் நொடியைக் குறித்துக்கொண்டால் அதன் இடத்தை விகலைக் கணக்கில் சொல்லிவிடலாம். 1962 ஆகஸ்ட் 5 அன்று ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டு குழுவினர் இதைச் செய்தார்கள். நிலா அடிவானத்துக்கு மிகத் தாழ்வாக இறங்கியதால், தொலைநோக்கி அதுவரை சாயக்கூடாத அளவுக்குச் சாய, அதன் சில பாகங்களைக் கழற்றவும் வெட்டவும் வேண்டியிருந்ததாம்.

இடம் தெரிந்ததும் கலிஃபோர்னியாவின் பாலோமரில் மார்ட்டென் ஷ்மிட் அந்தப் புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தார். எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத கோடுகள். 1963 பிப்ரவரி 5 அன்று அவருக்குப் பிடிபட்டது: எல்லாம் சாதாரண ஹைட்ரஜன் கோடுகள்தான், மொத்தமாக 16 சதவீதம் சிவப்புப் பக்கம் தள்ளப்பட்டிருக்கின்றன. விநாடிக்குச் சுமார் 47,000 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிற பொருள். அவ்வளவு தூரத்திலிருந்து இவ்வளவு வெளிச்சமா என்று உலகமே திகைத்தது.

இந்த நிலா மறைப்பு முறையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்கென்றே ஒரு தொலைநோக்கி கட்டியது மும்பைதான். இதை மும்பைத் தமிழர்களிலேயே பலர் கேள்விப்பட்டதில்லை. கோவிந்த் சுவரூப் 1963இல் அமெரிக்காவிலிருந்து திரும்பி, ஹோமி பாபாவின் அழைப்பில் கொலாபாவில் இருக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். முதல் வேலை, நம் சென்ட்ரல் லைனில் இருக்கும் கல்யாணில். ஆஸ்திரேலியர்கள் தாங்கள் பயன்படுத்தி முடித்து அன்பளிப்பாகக் கொடுத்த 1.8 மீட்டர் ஆன்டெனாக்கள் 32ஐ அங்கே நிறுத்தி 1965இல் சூரியனைக் கேட்டார்கள். பழைய சாமானை வைத்து ஆரம்பித்தவர்கள்தான், கவனியுங்கள். அடுத்து ஊட்டி. நிலநடுக்கோட்டுக்கு அருகே 11 பாகை அட்சரேகையில், அதே 11 பாகைச் சரிவுள்ள ஒரு மலையைத் தேடிப் பிடித்தார்கள், முத்தோரையில். சரிவில் அப்படியே வடக்குத் தெற்காக 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு ஒரு தொட்டில். மலைச் சரிவே பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டதால், ஒரே அச்சில் சுற்றினால் போதும், மணிக்கணக்காக ஒரு பொருளைத் தொடரலாம். நான் மவுன்டின் கால்களைத் திருகித் திருகிச் செய்வதை அவர்கள் மலையைத் தேர்ந்தெடுத்தே முடித்துவிட்டார்கள். பிரதிபலிப்பது தகடுகூட இல்லை. 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள்.

1970இல் அது வேலைக்கு வந்தது. நிலா எதன்மேல் ஏறி இறங்குகிறதோ அதையெல்லாம் பதிவு செய்து, தொலைதூரக் கேலக்ஸிகளும் குவாசர்களுமாக ஏராளமான ரேடியோ மூலங்களின் அளவைக் குறித்தார்கள். மங்கலான மூலங்கள் கோண அளவில் சின்னதாகிக்கொண்டே போகும் விதத்தை வைத்து, பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்ற பக்கத்துக்கு 1975இல் விஜய் கபாஹியும் சுவரூப்பும் சான்று வைத்தார்கள். இன்று நாராயண்காவ் அருகே கோடாடிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நிற்கிற 45 மீட்டர் ஆன்டெனாக்கள் முப்பதும் அதே ஆட்களின் தொடர்ச்சி. புணே போகிறவர்கள் அறிவியல் தினத்தை ஒட்டித் திறந்துவிடும் நாட்களில் எட்டிப் பார்க்கலாம். ஊட்டிக்கு வருஷா வருஷம் போய் தொட்டபெட்டாவும் படகுத்துறையும் பார்த்து வருகிற நம்மவர்கள், முத்தோரை வழியாகப் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பியாவது பார்க்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

நகரத்தை விட்டு வெளியே போகலாமே என்பீர்கள். போகிறோம். பத்லாபூர் தாண்டி வாங்கணியில் இறங்கினால், ஹாலி வால்நட்சத்திரக் காலத்தில் முளைத்த ககோல் மண்டல் அமைப்பினர் வருஷக்கணக்காக இரவு வான நிகழ்ச்சி நடத்துகிற இடம். மும்பையில் எத்தனையோ பேர் பால்வீதியை முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். அங்கும் வருஷத்துக்கு வருஷம் அடிவானம் வெளுத்துக்கொண்டு வருகிறது. இன்னும் இருட்டு வேண்டுமென்றால் பண்டார்தாரா பக்கம். ஆனால் லோக்கல் டிரெயினில் முப்பது கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் மொட்டை மாடியின் அருமை புரியும். வெள்ளை எல்.இ.டி. பற்றியும் ஒரு வார்த்தை. சோடியம் விளக்கின் மஞ்சள் குறுகலான நிறப் பட்டைக்குள் அடங்கும், ஃபில்டர் போட்டுப் பெரும்பகுதியை வடிகட்டலாம். வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் பரவிக் கிடப்பதால் எதை வடிகட்டுவது? 2015இல் மரைன் டிரைவின் மஞ்சளை மாற்றி வெள்ளை போட்டபோது ஊரே சண்டை போட்டது, ராணியின் நெக்லஸ் அழகு போச்சு என்று. மேலே இருக்கிற வைரங்களுக்காக யாரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து மான்குர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பள்ளி மாணவர்கள் அந்த மையம் நடத்திய சர்வதேச வானியல் ஒலிம்பியாடுக்காக மும்பைக்கு வந்தார்கள். ஆகஸ்டில், மும்பையில், வானியல்! நம் ஊர் மழையை நினைத்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

புள்ளி கிடைத்த பிறகு என்ன செய்வது? இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, அதன் பிரகாசத்தை அளப்பது. கருந்துளைக்குள் விழுகிற வாயு ஒரே சீராக விழுவதில்லை, அதனால் 3சி 273 மாதக்கணக்கில் மெல்ல ஏறி இறங்கும். 1963இல் ஹார்வர்டின் பழைய தகடுகளைத் தோண்டியெடுத்து ஹார்லன் ஸ்மித்தும் டோரிட் ஹாஃப்லிட்டும் இதைத்தான் காட்டினார்கள். சுற்றியுள்ள நட்சத்திரங்களின் பிரகாசம் தெரியும் என்பதால், ஒப்பிட்டு அளந்து அமெரிக்க மாறொளிர் நட்சத்திரச் சங்கத்துக்கு அனுப்பலாம். அமெச்சூர்கள் அளந்து அனுப்பிய எண்கள் அங்கே பல பத்தாண்டுகளாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. செம்பூர் வானத்தில் என் அளவீட்டின் பிழை கொஞ்சம் பெரிசுதான், ஆனால் வரைபடத்தில் போட்டால் மற்றவர்களின் புள்ளிகளோடு ஒட்டித்தான் நிற்கிறது.

இரண்டாவது வேலைதான் ஆசை. ஷ்மிட் பார்த்ததை மொட்டை மாடியிலிருந்து பார்ப்பது. மில்லிமீட்டருக்கு நூறு கோடு கீறிய சின்னக் கண்ணாடி கிரேட்டிங் ஒன்று விற்கிறார்கள், கேமராவுக்கு முன்னால் ஃபில்டர் மாதிரி மாட்டலாம். புள்ளிக்குப் பக்கத்தில் அதன் நிறமாலை ஒரு வாலாக விழும். வெளிநாட்டில் அமெச்சூர்கள் இதை வைத்து 3சி 273இன் செம்பெயர்ச்சியை அளந்திருக்கிறார்கள். அளவுகோலுக்கு எங்கேயும் போக வேண்டாம், உத்திரமே போதும். உத்திரம் ஹைட்ரஜன் கோடுகள் அழுத்தமாக விழுகிற வெள்ளை நட்சத்திரம். முதலில் அதை எடுத்தால் ஹைட்ரஜனின் ஒரு கோடு 486 நானோமீட்டரில் கறுப்பாக விழும். பிறகு மெல்ல நகர்ந்து அஸ்தம் முதல் பாதத்துக்கு வந்தால், அதே ஹைட்ரஜன் 563இல் ஒரு மேடாக எழும்ப வேண்டும். வித்தியாசத்தை 486ஆல் வகுத்தால் 16 சதவீதம். வெளிச்சம் வாலாக நீண்டு பரவுவதால் செம்பூர் இங்கே மறுபடி தன் வேலையைக் காட்டும், அதனால் நிறைய அடுக்க வேண்டியிருக்கும்.

கிரேட்டிங் வந்துவிட்டது. அதைக் கேமராவிலிருந்து சரியான தூரத்தில் நிறுத்த ஒரு வளையம் வேண்டும், 28.5 மில்லி, 0.6 பிட்ச். படத்தை எடுத்துக்கொண்டு போன வாரம் தாராவிக்குப் போயிருந்தேன். "பாயின்ட் ஆறா? அதுக்கு டூலே நாமதான் தீட்டணும்" என்றார் அண்ணாச்சி. தீபாவளி ஆர்டரெல்லாம் முடியட்டும், அப்புறம் வா என்று சொல்லியிருக்கிறார். அவசரமில்லை, அஸ்தம் ராத்திரியில் வசதியான உயரத்துக்கு வர எப்படியும் பிப்ரவரி ஆகிவிடும்.